சறுக்குப்பாறைக்குப் போன நத்தை

மலையடியில் கிடந்த ஒரு காட்டில் சறுக்குப்பாறை ஒன்று இருந்தது. அதன் மேல் அருவித் தண்ணீர் வழவழவென்று ஓடும். உச்சியில் பாக்குமரத்துக் கமுகம்பாளையைப் போட்டு ஏறி உட்கார்ந்தால் போதும். சர்ரென்று கீழே தடாகத்தில் கொண்டுபோய்த் தள்ளும். கோடை வந்தால் காடே அங்கேதான் கிடக்கும்.

அந்தக் காட்டு நத்தைக்கு ஒரே ஓர் ஆசை. வேகம் என்றால் எப்படி இருக்கும்? பிறந்ததிலிருந்து அது வேகமாகப் போனதே இல்லை. பாவம், தெரியாமல் தவித்தது.

ஆனால் வரிசை நிற்கும் இடம் மொட்டைப் பாறை. வெயிலில் காத்து நின்றால் நத்தை காய்ந்து சருகாகிவிடும். கூட்டத்தில் யானைக் கால் பட்டாலோ, அத்தோடு சரி.

நத்தை நரியிடம் போய் வழி கேட்டது. எல்லாம் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது நரியின் குணம்.

“நாளை விடியற்காலையில் போ. ஈ காக்கா இருக்காது” என்றது நரி, குரலைத் தாழ்த்தி.

“வேறு யாருக்காவது சொன்னீர்களா, நரியண்ணே?”

“சேச்சே! உனக்கு மட்டும்தான்.”

நத்தை அப்போதே கிளம்பியது. கிளம்பினால்தானே போய்ச் சேரும்!

வழியில் பன்றி வந்தது. “யாரிடமும் மூச்சு விடாதே. நாளை விடியலில் பாறை காலியாம்!” என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்து முள்ளம்பன்றி. அதுவும் அதையே சொன்னது.

நத்தை நின்றது. எல்லோரும் விடியலில் வந்தால்? வெயில் ஏறும்போது எல்லோரும் பாறை மேல் நிற்பார்கள். பாறை சுட்டால் ஓடுவார்கள். ஓடிய பிறகு அங்கே யார் இருப்பார்கள்?

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எட்டத்தில் பாறை தெரிந்தது. மலையின் நிழல் அதன் மேல் மெல்லப் படர்வதை நத்தை கொம்புக் கண்ணை நீட்டி நீட்டிப் பார்த்தது.

அப்போது முயல் குதித்து வந்தது. “நத்தையண்ணே, ஒரு ரகசியம்...”

“தெரியும் தம்பி. காட்டுக்கே தெரியும். விடியலில் போகாதே. நிழல் விழுந்த பிறகு வா.”

முயல் விழுந்து விழுந்து சிரித்தது. “நீங்கள் எப்படியும் சாயங்காலம்தான் வந்து சேருவீர்கள். அதற்குப் பெயர் திட்டமா?”

மறுநாள் விடிந்தது. பாறையில் எள் போட இடமில்லை.

“உன்னை யாரய்யா வரச் சொன்னது?” என்று பன்றி கத்தியது.

“உன்னை வரச் சொன்னவர்தான்!” என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது.

“தள்ளாதீர்கள்! ஒவ்வொருத்தராக!” என்று கத்திக் கத்தியே பாளை கொடுக்கும் குரங்குக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

சிலர் சறுக்கினார்கள். பலர் நின்றார்கள். உச்சி வெயிலில் வரிசை நின்ற மொட்டைப் பாறை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. கால் கொப்பளித்து எல்லோரும் “ஐயோ, அம்மா” என்று ஓடினார்கள்.

நத்தை ஈரப் பெரணிச் செடிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. பிறகு மலை நிழல் இறங்கியது. நிழல் நகர நகர நத்தையும் நகர்ந்தது. இரண்டுக்கும் ஒரே நடை.

உச்சியில் குரங்கு தூங்கி வழிந்துகொண்டிருந்தது. “யார் அது? வரிசையில் வா!”

“நான்தான் வரிசை” என்றது நத்தை.

குரங்கு சிரித்துக்கொண்டே பாளையில் ஏற்றி ஒரு தள்ளு தள்ளியது. சர்ர்ர்! நத்தையின் கண்கள் இரண்டும் முதுகுப் பக்கம் மடங்கின. தொபுக்கென்று தடாகத்தில் விழுந்து, பாளையோடு கரை ஒதுங்கியது.

கரையில் முயல் கொப்பளித்த கால்களைச் சேற்றில் புதைத்து உட்கார்ந்திருந்தது. பாவம், அதன் முறை வரவே இல்லை.

“எப்படி அண்ணே இருந்தது?” என்று ஏக்கத்தோடு கேட்டது.

“என்னவென்று பார்ப்பதற்குள் முடிந்துவிட்டதே! இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று நத்தை மறுபடியும் பாறையில் ஏறத் தொடங்கியது.

நீதி: எல்லோரும் ஓடும் நேரத்தில் ஓடாதே, இடத்தையும் வேளையையும் நீயே பார்த்துப் புறப்படு.