முன் சீட் யாருக்கு?

முன் சீட்டுக்குச் சண்டை வராத வீடு இருக்கிறதா? இருந்தால் அந்த வீட்டில் வண்டியே இல்லை என்று அர்த்தம். இது வண்டி இருக்கிற வீட்டுக் கதை. கவனமாகக் கேளுங்கள், கடைசியில் தீர்ப்பு சொல்லப்போவது நீங்கள்தான்.

இசக்கியப்பன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற டீசல் வேன் வைத்திருந்தான். வீட்டில் மனைவி கோமு, தங்கை முத்துச்செல்வி. கோமுவின் அண்ணன் செந்தட்டிக்குப் பக்கத்துத் தெரு. குடும்பமாக எங்கே கிளம்பினாலும் முன் சீட் செந்தட்டிக்குத்தான். முத்துச்செல்விக்குக் கடைசி சீட். மடியில் புளியோதரைத் தூக்குச்சட்டி வேறு.

ஆயுத பூஜைக்குக் கோமு வேனைக் குளிப்பாட்டினாள். தண்ணீர் போகக்கூடாத இடத்தையெல்லாம் பழந்துணியால் கட்டிவிட்டு, ஹோஸைப் பிடித்து அடித்தாள். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. வேன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அதன்பிறகு மேடு வந்தாலே வேன் முக்கியது. "பூஜைச் சுண்டலை ஜாஸ்தியாத் தின்னுட்டு போல" என்று சிரித்தான் இசக்கியப்பன். புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சைலன்சரிலிருந்து கரிச்சட்டியைக் கவிழ்த்தது போல் புகை!

"சர்டிபிகேட் தர முடியாதுண்ணே" என்றார் பரிசோதிக்கிறவர். "இவ்வளவு கரும்புகைன்னா டீசலுக்குத் தக்க காத்து போகலை. சரி பண்ணிட்டு வாங்க."

சர்டிபிகேட் இல்லாமல் திங்கட்கிழமை வேனை உள்ளே விடமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வேன் நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுபோகும்.

இசக்கியப்பன் வீட்டுக்கு வந்து அறிவித்தான்: "யாரால இந்த வேன் பாஸாகுதோ, குத்தாலம் போகையில அவங்களுக்குத்தான் முன் சீட்டு!"

செந்தட்டி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். டீசல் பில்டரை மாற்றினார். ஆயிலையும் மாற்றினார். மூக்கெல்லாம் கரியோடு எழுந்து வந்து, "இனிமே குதிரைதான் மாப்ளே!" என்றார். ஸ்டார்ட் செய்தால் அதே கரும்புகை.

முத்துச்செல்வி பூக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, பூஜைக்கு முந்தி நல்லாத்தானே மேடு ஏறுச்சு? பூஜையன்னைக்கு வண்டியில என்ன செஞ்சோம்?"

கோமு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓடிப்போய், எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மற்றதையெல்லாம் அன்றைக்கே அவிழ்த்தவள் இதை மட்டும் மறந்திருந்தாள்! அடுத்த பரிசோதனையில் வேன் பாஸ்.

உடனே ஆரம்பித்தது சண்டை.

"அடியில படுத்து முதுகு போனது எனக்கு" என்றார் செந்தட்டி.

"துணிய அவுத்தது யாரு? நான்!" என்றாள் கோமு.

"கட்டுனதும் நீங்கதானே மதினி? நான் கேக்கலைன்னா அது இன்னும் அங்கேயே கிடக்கும்" என்றாள் முத்துச்செல்வி.

இசக்கியப்பன் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இருப்பதோ ஒரு முன் சீட். அது யாருக்குப் போவது நியாயம்? சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

விடை: செந்தட்டி பாடுபட்டார், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவர் கை வைத்த இடத்தில் கோளாறு இல்லை. கோமு தன் மறதியைத்தான் திருத்தினாள். அதுவும் ஞாபகப்படுத்திய பிறகு. முத்துச்செல்வி ஸ்பானரைத் தொடவே இல்லை. ஆனால், நன்றாக ஓடிய வண்டிக்கு இடையில் என்ன ஆனது என்று யோசித்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கேள்வியால்தான் வேன் தேறியது. முன் சீட் அவளுக்கே! தூக்குச்சட்டி? குற்றாலம் போகும் வழியெல்லாம் அது செந்தட்டி மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் முன் சீட்டிலிருந்து ஒரு முகம் திரும்பிப் பார்த்தது: "சிந்தாம பிடிங்க அத்தான்!"