கத்தரிப்பூ நிற மேலங்கி

ஒரு படத்தின் மேல் மூன்று பேர் கைவைத்த கதை இது. அதில் ஒரு கை என்னுடையது. அதனால் தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன்.

குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா. அதன் சாப்பாட்டு அறையில், கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு ஜப்பானியப் படம் நாற்பது வருடம் தொங்கியது. மரப்பலகையில் செதுக்கி, சாயம் தடவி, தாளை வைத்துக் கையால் தேய்த்து எடுத்த படம். மழையில் படகுக்குக் காத்திருக்கும் ஒரு பெண். ஒருநாள் அது காணாமல் போனது. சமையல்காரர் சவரிமுத்துதான் திருடன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் தூத்துக்குடிக்குப் போய் ஹோட்டலில் சமைத்துப் பிழைத்தார். முப்பது வருடம் கழித்து இறந்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், வேட்டித் துணியில் சுற்றி, அதே படம் இருந்தது. விஷயம் பங்களாவுக்கு எட்டியது.

பங்களாவின் இன்றைய உரிமையாளர் ரகுநந்தனும் சவரிமுத்துவின் மகள் ஆக்னஸும் பங்குத்தந்தை முன்னால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். படம் அந்தக் காலத்து அசல் என்றால் அதுதான் திருட்டுப் போன படம், பங்களாவுக்குச் சேரும். பின்னாளில் அச்சடித்த நகல் என்றால் அது வேறு படம், ரகுநந்தன் சவரிமுத்துவின் கல்லறையில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒரு சமையல்காரரிடம் நகல்தான் இருக்க முடியும் என்று ஆக்னஸ் நம்பினார். பழைய அச்சுப் படங்களைச் சோதிப்பது என் தொழில். என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் கையால் தேய்த்த வட்ட வட்டத் தடங்கள், ஊறி வந்த சாயம். முன்பக்கம் ஒரு கோடுகூட உடையவில்லை, பலகை தேயும் முன் எடுத்த தாள். பெண்ணின் மேலங்கி, அந்தக் காலத்துப் பூச்சாற்றுச் சாயத்தில், இன்று காலை பூத்த கத்தரிப்பூ போல இருந்தது.

ரகுநந்தன் கேக் தின்ற விரலை நக்கிவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைத் தொட்டார். “அசலா நகலா, ஒரே வார்த்தை போதும் சார். கதையெல்லாம் வேண்டாம், நீங்க என்ன எழுத்தாளரா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெளியே வந்தபோது ஆக்னஸ் பின்னாலேயே வந்தார். என் முகத்திலேயே விடையைப் படித்துவிட்டார். சாவதற்கு முந்தின வாரம் அப்பா சொன்னதை என்னிடம் சொன்னார். படத்தை அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கியிருக்கிறார்.

“எதைத் திருடினேன்னு சொன்னாங்களோ அதையே வாங்கித் திருப்பிக் கொடுத்துடலாம்னு நெனச்சாராம் சார். அப்புறந்தான் உறைச்சிருக்கு, கொடுத்தா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு. பெட்டிய விட்டு வெளியவே எடுக்கல. நகல்னு எழுதிடுங்க சார்.”

உள்ளே போய் எழுதினேன்: ‘அசல்.’ அதில் பொய் இல்லை.

உண்மையைக் கேட்டவர் ரகுநந்தன். பொய்யைக் கேட்டவர் ஆக்னஸ். உண்மையை எழுதியவன் நான். இதில் யார் செய்தது சரி?

ஒருவரும் இல்லை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். இத்தனை நாளாய் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். விடை படத்திலேயே இருக்கிறது. பூச்சாற்று நிறம் வெளிச்சத்தில் சில வருடங்களிலேயே வெளிறிவிடும். நாற்பது வருடம் காலை வெயில் பட்ட தாளில் கத்தரிப்பூ நிறம் மிஞ்ச வழியே இல்லை. ஒரே பலகையில் நூற்றுக்கணக்கில் தாள் எடுப்பார்கள். பங்களாவில் தொங்கியது ஒன்று, சவரிமுத்து வாங்கியது வேறொன்று. இரண்டுமே அசலாக இருக்கலாம். பார்த்தபோதே எனக்கு இது தெரியும். ஆக்னஸ் கேட்ட பொய்யில் இருந்த நியாயம் என் உண்மையில் இல்லை. நான் இன்னும் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் பொய் கேட்க வேண்டியே இருந்திருக்காது.

படம் இப்போது பழைய ஆணியில், அதே ஜன்னலுக்கு எதிரே தொங்குகிறது. சவரிமுத்துவுக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த நிறம். போன மாதம் போயிருந்தேன். மேலங்கியின் ஓரம் வெளிற ஆரம்பித்திருந்தது. ரகுநந்தன் டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.