நிழல் விழாத தொட்டி

மல்லையூர் ஜமீனில் மலேரியா என்கிற குளிர்காய்ச்சல் புகுந்து, வீட்டுக்கு ஒருவர் நடுங்கிக் கிடந்தார்கள்.

"எல்லாம் கூலிக்காரத் தெருவின் அழுக்கு! குடிசைகளைக் கொளுத்துங்கள்" என்றார் ஜமீன்தார்.

அரண்மனைத் தோட்டம் கூட்டும் பேச்சிக்கு அந்தத் தெருவில்தான் வீடு. "எசமான், காய்ச்சலைப் பரப்புறவன் இங்கதான் இருக்கான். மூணு நாள் குடுங்க, பிடிச்சுக் காட்டுறேன்."

"காட்டாவிட்டால் முதலில் எரிவது உன் குடிசை!"

முற்றத்தில் ஜமீன்தாரின் செல்லச் சலவைக்கல் தொட்டி இருந்தது. பளிங்கு போன்ற தண்ணீர். வேலைக்காரர் நிழல்கூட அதில் விழக் கூடாதென்று உத்தரவு. அதனால் மாதக்கணக்காக அதைக் கழுவுவாரும் இல்லை. பேச்சி கேட்டபடி, ஜமீன்தாரே சிரித்துக்கொண்டு அதிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மொண்டார். வாயைத் துணியால் கட்டி, அரக்கில் தன் முத்திரையும் குத்தினார்.

மூன்றாம் நாள் சபையே ஜாடியைச் சுற்றிக் கூடியது. ஜாடிக்குள் தூசிபோல் நெளிந்தவை சட்டை உரித்து, ஈரச் சிறகோடு ஒவ்வொன்றாக நீர்மேல் எழுந்தன. ஜாடி முழுக்க ரீங்காரம்.

"கொசுவை நீதான் உள்ளே விட்டாய்!"

"முத்திரை உடையலையே எசமான். காய்ச்சல்காரரைக் கடிச்ச வாயோட அடுத்தவரைக் கடிக்கிறது இதுதான். நம்பலைன்னா, துணியை அவுத்து மடியில வச்சுக்கிடுங்க."

ஜமீன்தார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அன்று மாலை பேச்சி துடைப்பத்தோடு தொட்டிக்குள்ளேயே இறங்கினாள். அவள் நிழல் தாராளமாக விழுந்தது. தண்ணீர்தான் இல்லை.