மருத மரத்தில் தொங்கிய கொடி

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் தவிட்டி என்றொரு பெண்மான் இருந்தது. எதையும் லேசில் நம்பாது. இலை அசைந்தால்கூட, “இது ஏன் இப்போது அசைகிறது?” என்று கேட்கும். மற்ற மான்கள் கேலி செய்யும். பாவம், அதன் சுபாவம் அப்படி!

அந்தக் கோடையில் குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. மருத மரத்தடிக் குளத்தில் மட்டுமே தண்ணீர் இருந்தது. ஒருநாள் காலை தவிட்டி தன் குட்டியோடு அங்கே போனது. மரத்தில் ஒரு கொடி தொங்கியது.

துணியால் ஆன கொடி அல்ல, குழந்தைகளே. பழைய மான் தோல்! முன்பு ஓநாய்கள் காட்டை ஆண்டபோது அதைத்தான் ஏற்றும். அது தொங்கும்போது மான்கள் குளத்தில் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் உயிர் இருக்காது. அந்த ஆட்சி ஒழிந்து எத்தனையோ காலம் ஆயிற்று. இப்போது குளத்தடியில் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று கட்டுப்பாடு. ஆனாலும் கொடியைப் பார்த்ததும் மான்களின் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. தாகம் தாங்காமல் குட்டி அழுதது.

தவிட்டிக்குக் கோபம் வந்தது. காட்டின் தலைவரான யானையிடம் ஓடிப்போய் முறையிட்டது. யானை மூத்த ஓநாயான நரைமூஞ்சியைக் கூப்பிட்டு விசாரித்தது.

“ஐயா, அது எங்கள் முன்னோர்களின் ஞாபகம்,” என்றது நரைமூஞ்சி, ஒன்றும் தெரியாத பிள்ளை போல. “நாங்கள் யாரையாவது ‘குடிக்காதே’ என்று சொன்னோமா?”

“அதுதானே! வெறும் தோல் யாரைக் கடிக்கப் போகிறது? நான் குடிக்கிறேனே!” என்றது யானை. அங்கே தொங்கியது யானைத் தோல் இல்லையே, அதற்கென்ன!

தவிட்டி யோசித்தது. ‘மழைக்காலத்தில் வராத ஞாபகம், மற்ற குட்டைகள் வற்றியதும் வந்துவிட்டதா? அதுவும் நாங்கள் வரும் பாதையைப் பார்த்தா தொங்க வேண்டும்? எங்கேயோ இடிக்கிறதே!’

கோபத்தை விழுங்கிக்கொண்டு பணிவாகப் பேசியது.

“ஓநாயண்ணா, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன். முன்னோர்களின் சொத்தை இப்படி வெயிலிலும் காக்கை எச்சத்திலும் போட்டு வைக்கலாமா? உங்கள் குகைக்குள் மாட்டுங்கள். உங்கள் பிள்ளைகள் தினமும் பார்த்துக் கும்பிடட்டும்.”

“குகைக்குள்ளா?”

“ஆமாம் அண்ணா. ஞாபகம் உங்களுடையதுதானே?”

“அதெல்லாம் முடியாது! மரத்தில்தான் தொங்க வேண்டும்.”

“ஏன் அண்ணா?”

நரைமூஞ்சிக்குப் பொறுமை போயிற்று. “உனக்குப் புத்தி இருக்கிறதா? குகைக்குள் மாட்டினால் மான்கள் எப்படிப் பார்க்கும்? பார்க்காவிட்டால் எப்படிப் பயப்படும்?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.

யானைக்கு வெட்கமாகப் போயிற்று. விறுவிறுவென்று மரத்தடிக்கு நடந்தது. தும்பிக்கையால் தோலை இழுத்து நரைமூஞ்சியின் முன்னால் போட்டது.

“உன் ஞாபகத்தை உன் வீட்டில் வைத்துக்கொள். குளம் எல்லோருக்கும் பொது,” என்றது.

குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. தவிட்டி மட்டும் சுற்றுமுற்றும் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தது.

குகைக்குப் போன கொடியை ஓநாய்கள் மாட்டவே இல்லை. மூலையில் சுருட்டிப் போட்டுவிட்டன.

நீதி: பெருமைக்காக ஏற்றும் கொடிக்குத் தன் வீடே போதும்; பிறரைப் பயமுறுத்த ஏற்றும் கொடிதான் பொது இடத்தைத் தேடும்.