கயிற்றுக்குப் பேச்சில்லை

சிறுமலையின் மேல் இருக்கும் குருவம்மாளின் மடத்துக்கு ஒரு கார் வந்து சேர்ந்தது. மின்சாரக் கார், பழையது. கொடுத்தவர் ஊரை விட்டே போகிறவர். விற்க மனமில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் மலை இறங்கிப் போனார்.

குருவம்மாள் என்பது பட்டமல்ல. பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான். தேடி வந்தவர்கள் அதைப் பட்டமாக்கிவிட்டார்கள்.

காரை ஓட்டுகிற பொறுப்பு ராக்கப்பனுக்கு. சீடர்களில் அவர்தான் வயதில் பெரியவர், குருவுக்கே மூத்தவர். அவர் குருவைத் 'தாயி' என்பார். குரு அவரை 'அண்ணே' என்பார். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

மடத்துக்கு வருமுன் ராக்கப்பன் மாட்டுத் தரகர். துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். மூக்கு நுனியில் கோபம். ஆனால் பேசின பேச்சு பேச்சுதான். ஒருமுறை சந்தையில் மாட்டை வாங்கினவன் கயிற்றோடு இழுத்துக்கொண்டு கிளம்பினான். கயிற்றை விட்டுவிட்டுப் போ என்றான் விற்றவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கும்போது ராக்கப்பன் நடுவில் புகுந்தார்.

"துண்டுக்குள்ள மாட்டுக்குத்தான்டா பேசுனோம். கயித்துக்குப் பேச்சில்ல. பேசாதது பேரத்துல சேராது. அவுத்துக் குடு."

அதோடு முடிந்தது. இந்தக் கதையை அவர் மடத்தில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். குருவுக்குப் பலமுறை.

மடத்தில் பலா மரத்தடியில் மட்டும்தான் போனுக்கு டவர் கிடைக்கும். காரை ராக்கப்பன் அங்கேதான் நிறுத்துவார். சமையற்கட்டிலிருந்து ஒயர் இழுத்து மரத்தடிக்கே ஒரு பிளக் வைத்திருந்தார். பால் வாங்கிவிட்டு வந்தாலும் சரி, நோயாளி ஒருவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தாலும் சரி, இறங்கின கையோடு பிளக்கைச் செருகிவிடுவார். வண்டித் திரையில் நூறு சதவீதம் காட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சாப்பிட்டதும் வண்டிக்குள் போய் உட்கார்ந்து போனை எதிரே சாய்த்து வைத்துக்கொள்வார். போனும் நூறில் இருக்கும்.

ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து மெக்கானிக் வந்தான். கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"யாருங்க சார்ஜ் போடறது?"

"நான்தான்."

"தினம் எவ்வளவு போடுவீங்க?"

"ஃபுல்லு."

"நாளைக்கு எங்க போறீங்க?"

"எங்கயும் போகல."

"அப்பறம் எதுக்குங்க ஃபுல்லு?"

ராக்கப்பனுக்குச் சுருக்கென்று ஏறியது. "ஏன்டா தம்பி, வீட்டுல தண்ணித் தொட்டிய அரைகுறையாவா நிரப்பி வைப்ப?"

"தொட்டி வேற, பேட்டரி வேற பெரியவரே. தினப்படிக்கு எண்பதோட நிறுத்திருங்க. இருபதுக்குக் கீழ இறங்க விடாதீங்க. ஓடி வந்த சூட்டோட பிளக்கைச் சொருகாதீங்க, கொஞ்சம் ஆறட்டும். தூரமாப் போறீங்கன்னா மட்டும், கிளம்புற அன்னிக்கு நூறு போடுங்க. நிறைஞ்சபடியே சும்மா நிக்குது பாருங்க, அதுதான் இதுக்கு நோவு."

"வழியில தீந்துபோனா?"

"வழியில வேகமா சார்ஜ் ஏத்துற இடமெல்லாம் இந்த வண்டிக்கு ஒத்துவராது. வீட்டுப் பிளக்குதான். ராத்திரி பூரா போட்டு எடுக்கணும்."

"அதான் சொல்றேன். தீந்துபோனா எவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது? நான் போட்டபடிதான் போடுவேன். நீ கெளம்பு."

மெக்கானிக் குருவைப் பார்த்தான். குரு மோர் கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் எண்பது காட்டியதும் பிளக் கழன்று கிடந்தது. ராக்கப்பன் மறுபடி செருகினார். மறுநாளும் கழன்று கிடந்தது. மூன்றாம் நாள் அவர் முற்றத்தில் நின்று கத்தினார்.

"எவன்டா அது, பிளக்கைப் புடுங்கினது?"

"நான்தான் அண்ணே" என்றார் குரு. கையில் கீரைக்கட்டு இருந்தது.

ராக்கப்பன் குரலைத் தாழ்த்தினார். "எண்பது பத்தாது தாயி."

"பால் வாங்கவா?"

"பாலுக்குப் பத்தும்."

"ஆஸ்பத்திரிக்கு?"

"அதுக்கும் பத்தும்."

"பின்ன எங்க போறதுக்கு?"

ராக்கப்பன் பலா மரத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"மதுரைக்கு."

குரு காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தார். ராக்கப்பனும் ஏறி உட்கார்ந்தார்.

"மதுரையில யாரு அண்ணே?"

"மக. சுகந்தி."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொன்னதில்ல தாயி. அவளா ஒருத்தனப் பாத்துக் கட்டிக்கிட்டா. எங்காளுக இல்ல. ஒரே ஒரு தடவ அந்த வீட்டுக்குப் போனேன், நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள செம்புல தண்ணி கொண்டாந்து நீட்டுனா. 'மொதல்ல குடிங்கப்பா, அப்பறம் திட்டுங்க'ங்குறா. எனக்குப் பொறுக்கல. 'இந்த வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாது'ன்னுட்டேன். தெருவே கேட்டுச்சு. செம்ப நீட்டுன கை நீட்டுனபடி இருந்துச்சு. நான் வந்துட்டேன்."

குரு ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"எம் பொஞ்சாதி இருந்த வரைக்கும் தீவாளிக்குப் பலகாரம் கொண்டுபோவா. நான்தான் கூட்டிட்டுப் போறது. தெருமுனையில இறக்கி விட்டுட்டு டீக்கடையில உக்காந்திருப்பேன். அவ திரும்பி வந்தா மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவேன், அங்க எல்லாரும் நல்லா இருக்காகளா இல்லையான்னு. அவளும் போய்ச் சேந்துட்டா. இப்ப மூஞ்சியப் பாக்கவும் ஆளில்ல."

"சுகந்தி கூப்பிட்டாளா?"

"இல்ல."

"அவளுக்கு நம்பர் தெரியுமா?"

"நான் நம்பர மாத்தவே இல்லையே தாயி! கம்பெனிக்காரன் எத்தனையோ சொன்னான். அதே நம்பர்தான். என்னைக்காச்சும் கூப்பிடுவா. கூப்பிட்டா ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. அதுக்குத்தான் நூறு. போகவும் வேணும், வரவும் வேணும்."

"வரவும்?"

"அங்க எப்படி உக்கார்றது? பேசுன பேச்சு இருக்கே. வாசல்ல நின்னு புள்ளய ஒரு பார்வை பாத்துட்டுத் திரும்பிரணும். அங்க ஒண்ணும் கேக்கக் கூடாது, ஒண்ணும் வாங்கக் கூடாது. கேக்காம வாங்காமப் போயிட்டு வர்றதுக்கு நூறு வேணும்."

குரு எதிரே இருந்த திரையைப் பார்த்தார்.

"இந்த வண்டி வந்த புதுசுல, நூறு போட்டா எவ்வளவு தூரம் காட்டுச்சு அண்ணே?"

"மதுரை போயி, வந்து, மலையும் ஏறி, மிச்சமும் இருக்கும்."

"இப்ப?"

ராக்கப்பனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நாளாகத் திரையில் நூறு என்ற எண்ணுக்கு அடியில் காட்டிய கிலோமீட்டர் மதுரை போகத்தான் தாராளமாக இருந்தது, திரும்பி வரக் குறைந்தது.

"நூறுதான் தாயி காட்டுது."

"நூறு நூறுதான். அந்த நூறே சிறுத்துப் போச்சே" என்றார் குரு. "இப்படியே நிறைச்சு நிறைச்சு நிறுத்துனா, அவ கூப்பிடற அன்னிக்கு வண்டி மதுரைக்கே போகாது."

ராக்கப்பன் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கேட்டார்.

"தயாரா இருக்கறது தப்பா தாயி?"

குரு ஆய்ந்த கீரையை மடியில் சேர்த்துக்கொண்டு இறங்கினார்.

"காலையில கீழ போவோம். இன்னிக்கு நூறே போடுங்க."

மறுநாள் காலை இருவரும் மலை இறங்கினார்கள். வளைவுக்கு வளைவு ராக்கப்பன் பிரேக்கை மிதித்தார். பாதி மலையில் பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது.

"இறக்கத்துல வண்டி தானாப் பிடிக்கும், அந்தப் பிடிப்புல கரண்டு ஏறும்னு மெக்கானிக் தம்பி சொன்னானே?" என்றார் குரு.

"ஏறும். இன்னிக்குப் பிடிக்க மாட்டேங்குது."

"ஏனாம்?"

"இடமில்ல தாயி. அதான் நிறைஞ்சு கெடக்கே. எங்க போய் ஏறும்?"

குரு சன்னல் வழியே காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் காய்கறி வாங்கினார்கள். திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு பிளக் தானாகக் கழன்று கிடக்கவில்லை. எண்பது காட்டியதும் ராக்கப்பனே எடுத்துவிட்டார். அந்தச் சாயங்காலங்கள் அவருக்கு லேசாக இல்லை. சாப்பிட்டுவிட்டு வண்டிக்குள் உட்காருவார். போனைப் பார்ப்பார், திரையில் எண்பதைப் பார்ப்பார். பசியோடு பந்தியிலிருந்து எழுந்தவர் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படுக்கப் போவார். ஒன்றிரண்டு முறை பிளக்கை எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்து, பாதியில் நின்று, செருகாமல் திரும்பவும் மரத்திலேயே தொங்கவிட்டார். குரு பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்.

சித்திரை பிறந்தது. மலையிலேயே வெயில் சுட்டது. ஒரு காலையில் குரு மஞ்சள் பையோடு வந்து காரில் ஏறினார்.

"கீழ போகணும் அண்ணே."

"எண்பதுதான் இருக்கு."

"போதும்."

முதல் வளைவில் ராக்கப்பன் காலை எடுத்தார். வண்டி தானாகப் பிடித்தது. அவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர் போலத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"எண்பத்தொண்ணு!" என்றார்.

"ரோட்டப் பாருங்க அண்ணே."

கொஞ்ச நேரம் கழித்து, "எண்பத்திரெண்டு" என்றார். அடிவாரம் வந்தபோது எண்பத்து மூன்று. ராக்கப்பன் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"இறங்க இறங்க ஏறுது தாயி! மலையே குடுக்குது!"

"மலை அன்னிக்கும் குடுத்துச்சு அண்ணே."

ராக்கப்பனின் சிரிப்பு மெதுவாக நின்றது.

அடிவாரத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திண்டுக்கல் சந்தைக்கு. மற்றது நத்தம் வழியாக மதுரைக்கு. குரு அங்கே நிறுத்தச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"நான் பஸ்ஸுல போய் காய் வாங்கிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

"எங்க?"

குரு மதுரைச் சாலையைப் பார்த்தார்.

ராக்கப்பனுக்கு முகம் சிவந்தது. "அவ கூப்பிடலயே தாயி! கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போறது?"

"அவளும் நம்பர மாத்தாமத்தான் வச்சிருப்பா."

ராக்கப்பன் போனை எடுத்து, பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போக வரும். திரும்பி வர வராது தாயி."

"தெரியும்."

"நடுவழியில நிப்பேன்."

"நடுவழியில ஏன் நிக்கணும்? அவ வீட்டுல பிளக் இருக்காதா?"

ராக்கப்பன் வெடித்தார். "அவ வாசல்ல போயி, பிளக் குடுன்னு கேக்கச் சொல்றீகளா? நான்? வாக்கு குடுத்துட்டு வந்தவன் தாயி நான். அந்த வீட்டுப் பச்சத்தண்ணி என் பல்லுல படாதுன்னு தெருவே கேக்கச் சொல்லிருக்கேன். பேசுன பேச்ச நான் மாத்துனதில்ல. சந்தையில வேணா கேட்டுப் பாருங்க."

"மாத்த வேணாம் அண்ணே. தண்ணிக்குத்தானே பேசுனீங்க. கரண்டுக்குப் பேச்சில்லயே."

ராக்கப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏறுறதுக்கு ராத்திரி பூரா ஆகுமே தாயி."

குரு கார்க் கதவைச் சாத்தினார்.

"ஆகட்டும். சித்திரை மாசம். விடியறதுக்குள்ள எப்படியும் தாகம் எடுக்கும்."