மிதவையின் பின்னே வந்த குட்டி

தாழைத்தீவின் கரையில் செங்காலி என்றோர் ஆலாப் பறவை இருந்தது. திமிங்கிலங்களைப் பற்றி அதைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கடலில் யாரும் இல்லை. எண்ணெய் படர்ந்ததுபோல் ஓரிடத்தில் நீர் வழவழத்தால், "இங்கேதான் வாலை அடித்து மூழ்கியிருக்கிறது" என்று காட்டும். மூச்சு எந்தப் பக்கம் சாய்ந்து பீச்சுகிறது என்பதைப் பார்த்தே, வந்திருப்பது யார் என்று சொல்லிவிடும்.

தீவின் விலங்குகளுக்குத் திமிங்கிலம் பார்க்க ஆசை. தாழை ஓலை பரப்பிய அகலமான மிதவையை ஓர் ஆமை இழுத்துச் செல்லும். செங்காலி மேலே பறந்தபடி வழிகாட்டும், விளக்கமும் சொல்லும்.

அந்தப் பருவத்தில் ஒரு தாய்த் திமிங்கிலம் குட்டியோடு வந்திருந்தது. அது செங்காலியை அழைத்துச் சொன்னது:

"தூரத்தில் நின்று பாருங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால், கணவாய் மீன் பிடிக்க நான் ஆழத்துக்குப் போகவேண்டும். என் பிள்ளையால் அவ்வளவு ஆழம் வர முடியாது. மேலே அகலமாக, கறுப்பாக எது மிதந்தாலும் அம்மாவின் வயிறு என்று நினைத்து ஒட்டிக்கொள்வான். உங்கள் மிதவைக்குக் கீழே வந்தால், நான் திரும்பும்வரை அசையாமல் நில்லுங்கள்!"

"கவலைப்படாதே அம்மா! ஓர் அடிகூட நகரமாட்டோம்" என்று செங்காலி வாக்குக் கொடுத்தது.

சில நாட்களில் கடற்காகம் ஒன்றும் மிதவை விடத் தொடங்கியது. அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குரல் பெரிது. "என்னோடு வந்தால் திமிங்கிலத்தைத் தொட்டே பார்க்கலாம்!" என்று கரையெல்லாம் கத்தியது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஒருநாள் செங்காலியின் மிதவையில் கீரி, முயல், ஓணான் என மூன்றே பேர் ஏறினார்கள்.

நடுக்கடலில் தாய்த் திமிங்கிலம் வாலை உயர்த்தி மூழ்கியது. சற்று நேரத்தில் குட்டி மிதவைக்கு அடியில் வந்து முதுகை உரசியது.

"நில், ஆமையண்ணே!" என்றது செங்காலி. ஆமை நின்றது.

முதலில் எல்லாருக்கும் குதூகலம். வெயில் ஏறியது. முயலுக்குக் குமட்டியது.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கீரி சலித்துக்கொண்டது.

"தாய் வரவேண்டும். அதுதான் முறை."

"உன் முறை என் வயிற்றுக்குத் தெரியுமா? காலையில் கடித்த நண்டுக்கால் எப்போதோ கரைந்துவிட்டது!"

ஓணான் தலையை ஆட்டியது. "இதற்குப் போய்ச் சண்டையா? நாம் போவோம். குட்டியும் பின்னாலேயே வரட்டும். கரையில் அந்தக் கடற்காகம் பார்த்தால் வாயை மூடிக்கொள்ளும்!"

அந்தப் பேச்சு செங்காலியின் நெஞ்சில் இனித்தது.

"என்ன தங்கச்சி, இழுக்கவா?" என்று ஆமை கேட்டது.

"மெதுவாக இழு அண்ணே. கரைக்கு முன்னால் இருக்கும் பாறைத்திட்டு வந்ததும் குட்டி தானே திரும்பிவிடும்."

அப்படித் திரும்பிய குட்டி எதையும் செங்காலி பார்த்ததில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் அது சொன்னது அன்றுதான் முதல்முறை.

மிதவை நகர்ந்தது. குட்டி அதன் நிழலை விடாமல் நீந்தியது. பாறைத்திட்டின் இடைவெளியைத் தாண்டியது. கரையில் ஒரே ஆரவாரம்! கடற்காகம் வாயடைத்து நின்றது. செங்காலி அந்தக் கூட்டத்துக்கு மேலே ஒரு வட்டம் கூடுதலாகவே அடித்தது.

அது திரும்பிப் பார்த்தபோது ஓதம் வடிந்து, கடல்நீர் கரையைவிட்டுப் பின்வாங்கத் தொடங்கியிருந்தது. குட்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

"தள்ளுங்கள்! எல்லாரும் தள்ளுங்கள்!" என்று செங்காலி கத்தியது.

கீரி தள்ளியது. முயல் தள்ளியது. ஆமை தன் ஓடு கீறும்வரை முட்டியது. குட்டி அசையவில்லை. தண்ணீர் தாங்கிய உடம்பை மணல் தாங்கவில்லை. சொந்தக் கனமே குட்டியின் மூச்சை அழுத்தியது.

"அம்மா ஏன் நகரமாட்டேன் என்கிறாள்?" என்று அது மிதவையைப் பார்த்துக் கேட்டது.

அடுத்த ஓதம் ஏறுமுன் குட்டியின் மூச்சு நின்றுவிட்டது.

பாறைத்திட்டுக்கு அப்பால் தாய் வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. செங்காலி பறந்து சென்று அதன் எதிரே இறங்கியது.

"நீ எல்லாம் அறிந்தவள் ஆயிற்றே! என் பிள்ளை எங்கே என்று சொல்!"

எத்தனையோ பேருக்கு விளக்கம் சொன்ன செங்காலிக்கு அப்போது அலகு திறக்கவில்லை. அந்த மௌனத்திலேயே தாய்க்கு விளங்கிவிட்டது. அது ஒரு சொல்லும் சொல்லாமல் மூழ்கியது. அதன்பிறகு அந்தக் கடலுக்கு எந்தத் திமிங்கிலமும் வந்து மூச்சு விடவில்லை.

மறுநாள் கரையில் குட்டியின் உடலைச் சுற்றிப் பெரிய கூட்டம். "வாருங்கள், வாருங்கள்! தொட்டே பார்க்கலாம்!" என்று கடற்காகம் கூவிக்கொண்டிருந்தது. செங்காலி அந்தப் பக்கம் பார்க்காமல், வெறும் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

அறிந்தவர் பிறர் பாராட்டுக்காகத் தம் அறிவைக் கைவிட்டால், அதன் துன்பம் அவரை நம்பிய அறியாத உயிர்மேல் விழும்.