தொம்மை மேல் நான்கு குற்றங்கள்

“முதலாவது, மாசி மாதம். சங்கம் வாங்கித் தந்த உயர்ரக எண்ணெயைப் படகு எஞ்சினுக்கு ஊற்ற மாட்டேன், லாரிக்கு ஊற்றுகிற எண்ணெய்தான் வேண்டும் என்று டிரைவர் தொம்மை எட்டுப் பேர் முன்னால் சத்தம் போட்டார்; சங்கம் கண்டித்த பிறகே அதை ஊற்றினார். இரண்டாவது, ஆடி மாதம். எஞ்சினில் வால்வைத் தூக்கிவிடும் கேம் தேய்ந்தது. மூன்றாவது, ஐப்பசி. மாற்றிப் போட்ட புதுக் கேமும் தேய்ந்தது. நான்காவது, தை. நடுக்கடலில் எஞ்சின் நின்று, ஆறு பேர் இரண்டு நாள் குடிதண்ணீர் இல்லாமல் மிதந்தார்கள்.”

வியாகப்பன் தாளை மடித்தார். முப்பது வருடமாக மீனவர் சங்கச் செயலாளர். அவர் அடித்த துண்டறிக்கைகளில் ஒரு தேதி பிசகியதில்லை. எஞ்சின் தெரியாமல் எஞ்சின்காரனுக்காகப் பேசக் கூடாது என்று, அறுபது வயதில் மெக்கானிக் கித்தேரியிடம் சீடராகச் சேர்ந்தவர். கித்தேரிக்கு முப்பத்தெட்டு வயது.

அவள் தொம்மை ஓட்டிய படகின் எஞ்சினுக்குள் விட்ட கையை எடுக்கவில்லை.

“இதை என்னத்துக்கு என்கிட்ட படிக்கிறீங்க, செயலாளரே?”

“சாயங்காலம் ஏலக்கூடத்துல சாட்சி வெச்சு இந்தக் குற்றத்தையும், கடைசியில குற்றவாளி பேரையும் வாசிக்கணும், மேஸ்திரியம்மா. வாசிச்சுட்டா இந்தத் துறையில எந்தப் படகும் தொம்மையை ஏத்தாது. அவன் கவனக்குறைவுதான்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்.”

கித்தேரி, கேம் தள்ளுகிற டாப்பெட் ஒன்றைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“கேம் மேல உரசுற பக்கம். தடவுங்க.”

“குழியா இருக்கு. கரண்டி மாதிரி.”

“எப்படி இருக்கணும்?”

“தட்டையா.”

“சங்கம் குடுத்த எண்ணெய் டப்பாவை எடுத்துப் படிங்க.”

“அதிநவீனம். மிக உயர்ந்த தரம்.”

“பின்பக்கம்.”

“பொடி எழுத்தா இருக்கே.”

“நாலு பக்கத்துக்கு நோட்டீஸ் அடிச்சு ஊரைப் படிக்க வைக்கிற ஆளு. உங்களுக்குப் பொடி எழுத்து ஆகாதோ?”

பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். “புதிய பெட்ரோல் கார்களுக்கு.”

“புதுக் காருல கேம் மேல உருளை உருளும். இது பழைய லாரி எஞ்சின். தட்டை டாப்பெட், உரசிக்கிட்டே ஓடும். எண்ணெயில துத்தநாக மருந்து போதலைன்னா இரும்பை இரும்பு தின்னும். காரோட புகைக்குழாய்க்கு ஆகாதுன்னு இதுல அதைக் குறைச்சுட்டான். லாரி எண்ணெயில இருக்கு.”

வியாகப்பனுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“கார்ல போறவனுக்கு உயர்ந்தது, கடலுக்குப் போறவனுக்கு லாரி எண்ணெயா? முப்பது வருஷம் இதுக்கா கத்தினேன்? நம்ம ஆளுக்கும் அதே எண்ணெய்தான்னு, கடை கடையா ஏறி இறங்கி நானே பார்த்து எடுத்தது!”

கித்தேரி கையைத் துணியில் துடைத்தாள்.

“முதலாவதை மறுபடி படிங்க.”

அவர் தாளை விரித்தார். “முதலாவது, மாசி மாதம். சங்கம் வாங்கித் தந்த...” லாரி என்ற சொல் வந்ததும் குரல் இறங்கியது. மிச்சத்தை அவர் படிக்கவில்லை.

“தேதி வரிசை சரிதானே?”

“ஒரு நாள் பிசகாது.”

“அப்ப எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பேரை மட்டும் பாருங்க.”

அவள் மறுபடி எஞ்சினுக்குள் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் ஏலக்கூடத்தில் ஐந்து சாட்சிகள் நின்றார்கள். தொம்மை சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வியாகப்பன் நான்கையும் வரிசை மாறாமல் வாசித்தார். எட்டுப் பேர் முன்னால் தொம்மை கேட்ட எண்ணெய் எது என்பதை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

“பேரு?” என்றார் சாட்சிகளில் ஒருவர்.

வியாகப்பன் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். துண்டறிக்கை வாசிக்கிற அதே குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தார்:

“சங்கச் செயலாளர், மொ. வியாகப்பன்.”